மார்பகப் புற்றுநோய் வேதிச்சிகிச்சையால் நேரும் நரம்புப் பாதிப்பும் குத்தூசி மருத்துவமும்: திண்டுக்கல் வட்டார வாழ்நிலையை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

மார்பகப் புற்றுநோய்க்கு அளிக்கப்படும் டாக்சேன் வகை மருந்துகள் உயிர்காக்கும் ஆற்றல் கொண்டவை. அவையே கை, கால் நரம்புகளைப் பாதித்து மரமரப்பு, எரிச்சல், வலி ஆகியவற்றையும் உண்டாக்குகின்றன. இப்பாதிப்பைத் தணிக்கக் குத்தூசி மருத்துவம் எந்த அளவுக்குத் துணைசெய்யும் என்பதை 2013 முதல் 2022 வரை வெளிவந்த ஆய்வுகளையும் நெறிமுறைகளையும் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. பாதிப்பு வந்தபின் குத்தூசி மருத்துவம் ஓரளவு பயன் தரக்கூடும்; வருமுன் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. இவ்வேறுபாட்டை நடைமுறையில் கடைப்பிடிக்க நோயாளியின் துன்பம் எவ்வகையானது என்பது முதலில் தெளிவாக வேண்டும். அத்தெளிவுக்கு உணர்வுக் குறைகளைச் சுட்டும் தமிழ்ச் சொற்களின் நுட்பம் இன்றியமையாதது என்பதைத் திண்டுக்கல் வட்டாரத் தொழில்களின் பின்னணியில் கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: மார்பகப் புற்றுநோய், வேதிச்சிகிச்சை, நரம்புப் பாதிப்பு, குத்தூசி மருத்துவம், உணர்வுச் சொற்கள், திண்டுக்கல்.

முன்னுரை

இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயாகும். உலகப் புற்றுநோய்க் கணிப்பின்படி 2020ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,78,361 பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அறுவை, கதிர்வீச்சு, வேதிச்சிகிச்சை, இயக்குநீர்ச் சிகிச்சை ஆகியவற்றின் கூட்டுப் பயனால் பிழைத்து வாழ்வோர் எண்ணிக்கை பெருகி வருகிறது. எனவே, உயிர் பிழைத்தலோடு பிழைத்தபின் வாழும் வாழ்வின் தரமும் ஆய்வுக்குரியதாகிறது.

திண்டுக்கல் மாவட்டத்தின் சமவெளிப் பகுதியில் இவ்வினா தனிப்பொருள் பெறுகிறது. நிலக்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் மல்லிகை பறித்தலும் பூக்கட்டுதலும், சின்னாளபட்டியில் நெசவும், வேடசந்தூர்ப் பகுதியில் நூற்பாலை வேலையும் பெண்கள் பலரின் வாழ்வாதாரம். இவை அனைத்தும் விரல்நுனியின் உணர்வைச் சார்ந்த தொழில்கள். மல்லிகை மொட்டை விடியுமுன் விரல்நுனியால் கிள்ளி எடுக்க வேண்டும். அறுந்த இழையை விரலால் தேடிப் பிடித்து முடிய வேண்டும். இத்தகைய பெண்ணுக்கு விரல் உணர்விழத்தல் உடல்நலக் குறை மட்டுமன்று; அன்றாடக் கூலியின் இழப்புமாகும்.

வேதிமருந்தும் நரம்பும்

கீமோதெரபி என மக்கள் வழங்கும் வேதிச்சிகிச்சையில், மார்பகப் புற்றுநோய்க்குப் பக்லிடாக்செல், டோசிடாக்செல் ஆகிய டாக்சேன் மருந்துகள் பரவலாகப் பயன்படுகின்றன. பசிபிக் யூ என்னும் மரத்தின் பட்டையிலிருந்து பிரிக்கப்பட்ட பக்லிடாக்செலின் வேதிக் கட்டமைப்பு 1971இல் வெளியிடப்பட்டது. அது செயல்படும் விதத்தை 1979இல் சூசன் ஹார்விட்ஸ் குழுவினர் விளக்கினர். அமெரிக்காவில் இம்மருந்து 1992இல் கருப்பைச் சூலகப் புற்றுநோய்க்கும் 1994இல் மார்பகப் புற்றுநோய்க்கும் ஒப்புதல் பெற்றது.

செல்லுக்குள் நுண்குழல்கள் என்னும் புரத இழைகள் உள்ளன. செல் பிளவுபடும்போது இவை கூடியும் கலைந்தும் இயங்க வேண்டும். பக்லிடாக்செல் இவற்றைக் கலையவிடாமல் இறுக்கிவிடுகிறது. அதனால் புற்றுச்செல் பிளவுபட இயலாமல் மடிகிறது. நரம்புச் செல் பிளவுபடுவதில்லை. ஆயினும் அதற்கும் நுண்குழல்கள் தேவை. நரம்பிழையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சத்துப் பொருள்களைக் கொண்டுசெல்லும் தடம் அதுவே. தடம் குலைந்தால் தொலைவிலுள்ள முனை முதலில் வாடும். கால்விரலை எட்டும் நரம்பிழை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுடையது. ஆகவேதான் பாதிப்பு கால்விரல்களிலும் கைவிரல்களிலும் தொடங்கி, காலுறையும் கையுறையும் மூடும் அளவுக்கு மேலேறுகிறது. உணர்வு நரம்புச் செல்களின் உடல்பகுதி முதுகுத்தண்டின் அருகிலுள்ள முடிச்சுகளில் அமைந்துள்ளது. அம்முடிச்சுகளுக்கு மூளைக்கு இருப்பது போன்ற இரத்தத் தடுப்பரண் இல்லாமையால் மருந்து அங்கு எளிதில் சேர்கிறது.

நரம்பைப் பாதிக்கும் வேதிமருந்துகள் பெற்றோரைப் பற்றிய 31 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான மீளாய்வு, சிகிச்சை முடிந்த முதல் மாதத்திற்குள் 68.1 விழுக்காட்டினரிடமும், மூன்றாம் மாதத்தில் 60 விழுக்காட்டினரிடமும், ஆறு மாதம் அல்லது அதற்குப் பின்னர் 30 விழுக்காட்டினரிடமும் இப்பாதிப்பு காணப்பட்டதாகக் கணக்கிட்டது. பலருக்கு நாளடைவில் குறைகிறது, சிலருக்கு நிலைத்துவிடுகிறது.

மருந்தின் பயனும் பாதிப்பும் பிரிக்க இயலாதவாறு பிணைந்துள்ளன. 2008இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், பக்லிடாக்செலை மூன்று வாரங்களுக்கு ஒருமுறை தருவதைவிட வாரந்தோறும் தருவது உயிர்வாழ்தலை மேம்படுத்தியது. ஆனால், குறிப்பிடத்தக்க அளவிலான நரம்புப் பாதிப்பு 20 விழுக்காட்டிலிருந்து 27 விழுக்காடாக உயர்ந்தது. பாதிப்பு மிகும்போது மருத்துவர் மருந்தின் அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ நேரிடுகிறது. நரம்பைக் காக்கும் வழி கிடைத்தால் புற்றுநோய்ச் சிகிச்சையையும் முழுமையாக நிறைவேற்றலாம் என்பதே இத்துறை ஆய்வுகளின் அடிப்படை நோக்கம்.

குத்தூசி மருத்துவம்: செயல்முறையும் விளக்கமும்

அக்குபங்சர் எனப் பரவலாக அறியப்படும் குத்தூசி மருத்துவம் சீனாவில் தோன்றியது. 1938இல் சீனா சென்ற இந்திய மருத்துவக் குழுவில் துவாரகநாத் கோட்னிசுடன் இடம்பெற்றிருந்த விஜய் குமார் பாசு, பின்னாளில் இம்மருத்துவத்தைக் கற்று 1959 முதல் கொல்கத்தாவில் பரப்பினார். இந்திய நடுவண் அரசு 2003இல் இதனை ஒரு சிகிச்சை முறையாகவும், 2019இல் தனித்த மருத்துவமுறையாகவும் ஏற்றது. தமிழ்நாட்டில் இயற்கை மருத்துவ இளநிலைப் பட்டப்படிப்பில் இது ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகிறது.

நரம்புப் பாதிப்புக்கு மயிரிழை போன்ற மெல்லிய ஊசிகள் தோலில் குறிப்பிட்ட புள்ளிகளில் செருகப்பட்டு, ஏறத்தாழ அரைமணி நேரம் வரை விடப்படுகின்றன. முழங்காலுக்குக் கீழுள்ள சூசன்லி, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட ஹேகு, விரலிடுக்குகளில் அமைந்த பாஷியே, கால்விரலிடுக்குகளில் அமைந்த பாஃபெங் ஆகிய புள்ளிகள் பல ஆய்வுகளில் இடம்பெறுகின்றன. சில ஆய்வுகளில் ஊசிகளின் வழியே மிகக் குறைந்த மின்சாரமும் செலுத்தப்படுகிறது.

சீன மரபு இதன் பயனைச் ‘சி’ என்னும் உயிராற்றலின் ஓட்டத்தால் விளக்குகிறது. தற்கால உடலியங்கியல் வேறு விளக்கங்களைத் தருகிறது. ஊசியின் தூண்டல் மூளையிலும் தண்டுவடத்திலும் எண்டார்ஃபின் முதலிய வலிதணிப்பிகளைச் சுரக்கச் செய்கிறது. 2010இல் வெளியான எலி ஆய்வு, ஊசி செருகிய இடத்தில் அடினோசின் என்னும் பொருள் மிகுந்து வலியைக் குறைப்பதைக் காட்டியது. இவை வலி தணிதலை விளக்குவன; வாடிய நரம்பிழை மீண்டும் வளர்வதை மெய்ப்பிப்பன அல்ல. இவ்வரையறையை மனத்தில் கொண்டே ஆய்வு முடிவுகளை அணுக வேண்டும்.

தமிழ்ச் சூழலில் குத்தூசி மருத்துவத்தையும் வர்ம மருத்துவத்தையும் ஒன்றாகக் கருதும் போக்கு உண்டு. இரண்டும் உடற்புள்ளிகளை அடிப்படையாகக் கொண்டவை எனினும், தோற்றமும் கோட்பாடும் கையாளும் முறையும் வேறு. ஒன்றுக்குக் கிடைத்த சான்றை மற்றொன்றுக்கு உரியதாக்குவது ஆய்வு நெறியாகாது.

ஆய்வுச் சான்றுகள்

பாதிப்பு வந்தபின் தணித்தல் குறித்து மூன்று ஆய்வுகள் முதன்மையாகக் குறிப்பிடத்தக்கன. முதலாவது, 2020இல் பாஸ்டனிலுள்ள டானா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவனத்தைச் சார்ந்த வெய்தோங் லூ குழுவினர் வெளியிட்டது. டாக்சேன் சிகிச்சைக்குப் பின் நரம்புப் பாதிப்புற்ற மார்பகப் புற்றுநோய்ப் பெண்கள் 40 பேர் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் 8 வாரங்களில் 18 முறை குத்தூசிச் சிகிச்சை பெற்றனர். மற்றக் குழுவினர் வழக்கமான கவனிப்புடன் காத்திருந்தனர். எட்டாம் வார முடிவில் சிகிச்சை பெற்றோரிடம் உணர்வுக் குறையும் வலியும் காத்திருந்தோரைவிடக் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தன. கடுமையான பக்கவிளைவு ஏதும் நேரவில்லை.

இரண்டாவது, ஹாங்காங்கில் மொலாசியோட்டிஸ் குழுவினர் 87 நோயாளிகளிடம் நிகழ்த்தி 2019இல் வெளியிட்டது. வாரம் இருமுறை, 8 வாரங்கள் சிகிச்சை பெற்றோரிடம் வலி குறைந்தது. இவ்விரு ஆய்வுகளிலும் போலிச் சிகிச்சைக் குழு இல்லை. ஆகவே கிடைத்த பயனில் ஊசியின் பங்கு எவ்வளவு, நம்பிக்கையின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்தறிய இயலாது.

மூன்றாவது, நியூயார்க்கில் பாவ் குழுவினர் 75 பேரிடம் நிகழ்த்தி 2020இல் வெளியிட்டது. இதில் மெய்யான குத்தூசி, போலிக் குத்தூசி, வழக்கமான கவனிப்பு என மூன்று குழுக்கள் அமைக்கப்பட்டன. வழக்கமான கவனிப்பு பெற்றோரைவிடக் குத்தூசி பெற்றோரிடம் வலி முதலிய அறிகுறிகள் தணிந்தன. எனினும், குழுவுக்குச் சுமார் 25 பேர் என்னும் எண்ணிக்கை, மெய்க்கும் போலிக்கும் இடைப்பட்ட நுண்ணிய வேறுபாட்டை உறுதிசெய்யப் போதுமானதன்று.

மாறான முடிவுகளும் உள்ளன. செருமனியில் 60 பேரிடம் நிகழ்ந்து 2013இல் வெளியான ஆய்வில், மின்தூண்டல் குத்தூசி போலி மருந்தைவிட மேலான பயனைத் தரவில்லை. வருமுன் தடுத்தல் குறித்த முடிவு இதனினும் எச்சரிக்கைக்குரியது. கிரீன்லி குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், பக்லிடாக்செல் பெற்றுக்கொண்டிருந்த 63 பெண்களுக்கு வாரம் ஒருமுறை 12 வாரங்கள் மெய்யான அல்லது போலியான மின்தூண்டல் குத்தூசி அளிக்கப்பட்டது. பன்னிரண்டாம் வாரத்தில் இரு குழுக்களுக்கும் வேறுபாடில்லை. பதினாறாம் வாரத்தில் மெய்யான சிகிச்சை பெற்றோரின் வலியே மிகுதியாக இருந்தது. ‘பயன் இல்லாவிடினும் தீங்கில்லை’ என்னும் பொதுக் கருத்தை இம்முடிவு ஐயத்திற்கு உள்ளாக்குகிறது.

மருந்துச் சிகிச்சையின் நிலையும் நிறைவளிப்பதாக இல்லை. 2013இல் 231 பேரிடம் நிகழ்ந்த ஆய்வில் டுலாக்செடின் பெற்றோரில் 59 விழுக்காட்டினரும், போலி மருந்து பெற்றோரில் 38 விழுக்காட்டினரும் வலி குறைந்ததாகக் கூறினர். டாக்சேன் பெற்றோரைவிட ஆக்சாலிபிளாட்டின் என்னும் மருந்து பெற்றோருக்கே இப்பயன் மிகுதி என்பதற்கான குறிப்பும் அவ்வாய்வில் உண்டு. அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கத்தின் 2020 நெறிமுறை, வலியுள்ள நரம்புப் பாதிப்புக்கு டுலாக்செடினை மட்டுமே பரிந்துரைத்தது. குத்தூசிக்குப் போதிய சான்றில்லை என்றது. 2022இல் அச்சங்கமும் ஒருங்கிணைந்த புற்றுநோயியல் கழகமும் இணைந்து வெளியிட்ட வலிமேலாண்மை நெறிமுறை, இத்தகைய வலிக்குக் குத்தூசியை அளிக்கலாம் என்றது. ஆயினும் சான்றின் தரம் குறைவு, பரிந்துரை வலுவற்றது என்றும் உடன் குறித்தது.

‘கை கால் வலி’ என்னும் ஒரே தொடர்

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற பெண் ‘கை கால் வலிக்கிறது’ என மருத்துவரிடம் கூறும்போது, அத்தொடர் குறைந்தது நான்கு நிலைகளைச் சுட்டக்கூடும். டாக்சேன் மருந்தால் வந்த நரம்புப் பாதிப்பு ஒன்று. இயக்குநீர்ச் சிகிச்சைக்கான அரோமடேஸ் தடுப்பி மாத்திரையால் வரும் மூட்டுவலி மற்றொன்று. அக்குள் நிணநீர் முடிச்சுகளை அகற்றியதால் கையில் நேரும் நிணநீர் வீக்கம் மூன்றாவது. நீரிழிவால் முன்பே இருந்த நரம்புப் பாதிப்பு நான்காவது. இந்தியாவில் வளர்ந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டு என 2023இல் வெளியான தேசிய ஆய்வு காட்டுவதால், நான்காவது காரணம் புறக்கணிக்கத்தக்கதன்று.

இந்நான்குக்கும் குத்தூசி தொடர்பான சான்று ஒரே தன்மையதன்று. மூட்டுவலிக்கான சான்று ஒப்பீட்டளவில் வலுவானது. 226 பெண்களிடம் நிகழ்ந்து 2018இல் வெளியான ஆய்வில், போலிச் சிகிச்சையைவிடவும் காத்திருப்பைவிடவும் மெய்யான குத்தூசி மூட்டுவலியைக் கூடுதலாகக் குறைத்தது. நரம்புப் பாதிப்புக்கான சான்றோ இன்னும் வளர்நிலையில் உள்ளது. ஆகவே, துன்பத்தைச் சரியான சொல்லால் வேறுபடுத்துதல் சரியான சிகிச்சைக்கு முதற்படியாகிறது.

இவ்வேறுபாட்டைச் சுட்டும் வளம் தமிழில் உண்டு. உணர்வு குன்றுதலை மரத்தல், மரமரப்பு, மதமதப்பு, திமிர் ஆகியன குறிக்கின்றன. சித்த மருத்துவத்தில் வழங்கும் திமிர்வாதம் என்னும் நோய்ப்பெயரிலும் இப்பொருளே பயில்கிறது. இன்றைய பேச்சில் திமிர் என்பது செருக்கைக் குறிக்கும் சொல்லாகவே பெரிதும் வழங்குவதால், இளந்தலைமுறையினரிடம் இச்சொல் மயக்கம் தரக்கூடும். இயல்புக்கு மாறான உணர்வைக் குறுகுறுப்பு, எறும்பூர்தல் ஆகியன சுட்டுகின்றன. வெப்பம் சார்ந்த வலியை எரிச்சல், காந்தல் என்பனவும், ஊடுருவும் வலியைக் குத்தல், குடைச்சல், சுருக்கென்றிருத்தல் என்பனவும் உணர்த்துகின்றன. வலி என்னும் ஒரு சொல்லில் இவையனைத்தும் கரைந்துபோகின்றன.

மேற்கண்ட குத்தூசி ஆய்வுகள் பெரும்பாலும் நோயாளி தாமே கூறும் விடைகளைக் கொண்டு பயனை அளக்கின்றன. ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உருவாக்கிய நரம்புப் பாதிப்பு வினாநிரலில் 20 வினாக்கள் உள்ளன. விரல்களின் குறுகுறுப்பையும் மரமரப்பையும் அது தனித்தனியே வினவுகிறது. நீரின் சூடு தெரிகிறதா, சிறு பொருள்களைக் கையாள முடிகிறதா, வாகனத்தின் மிதியை இயக்க முடிகிறதா எனவும் கேட்கிறது. மகிழுந்து ஓட்டாத பெண்ணிடம் வாகன மிதி பற்றிய வினா பொருளற்றது. சின்னாளபட்டி நெசவாளரிடம் தறியைக் காலால் மிதிக்கும்போது பலகை தெரிகிறதா எனவும், நிலக்கோட்டைப் பெண்ணிடம் பூக்கட்டும்போது நார் விரலில் தட்டுப்படுகிறதா எனவும் கேட்டால் உண்மை விடை கிடைக்கும். இரவிக்கைக் கொக்கி மாட்டுதல், ஊசியில் நூல் கோத்தல், செருப்பு கழன்றதை அறிதல் ஆகியனவும் இத்தகைய வினாக்களே. சொல்லுக்குச் சொல் பெயர்த்த வினாநிரல், மொழி சரியாக இருந்தும் நோயை அளக்கத் தவறலாம். இங்குதான் மருத்துவ ஆய்வுக்குத் தமிழாய்வின் துணை தேவைப்படுகிறது.

திண்டுக்கல் சூழலில் நடைமுறைக் கருத்துகள்

திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் தொடங்கிவைக்கப்பட்டது. எனினும், புற்றுநோய்ச் சிறப்புச் சிகிச்சைக்கு மதுரை வரை செல்வோர் பலர். பாஸ்டன் ஆய்வின்படி 8 வாரங்களில் 18 முறை சிகிச்சை பெற வேண்டுமாயின், சிற்றூரில் வாழும் பெண்ணுக்கு அது 18 நாள் கூலியிழப்பும் 18 நாள் பேருந்துச் செலவும் ஆகும். சான்று வளர்நிலையிலுள்ள சிகிச்சைக்கு இவ்வளவு செலவிடுமாறு கூறுமுன், பயனின் அளவையும் வரம்பையும் அப்பெண்ணுக்கு விளங்கும் மொழியில் எடுத்துரைப்பது கடமையாகிறது. சில வாரங்களில் மாற்றம் தெரியாவிடில் நிறுத்திக்கொள்ளலாம் என்பதையும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

பாதுகாப்பு நெறிகளும் இன்றியமையாதன. வேதிச்சிகிச்சைக் காலத்தில் வெள்ளணுக்கள் குறைந்தால் ஊசித்துளை வழியே கிருமித்தொற்று நேரலாம். தட்டணுக்கள் குறைந்தால் இரத்தக்கசிவு ஏற்படலாம். எனவே இரத்தப் பரிசோதனையைக் கண்டு, புற்றுநோய் மருத்துவரின் ஒப்புதலோடுதான் ஊசி செருக வேண்டும். ஊசிகள் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் தூய ஊசிகளாக இருத்தல் வேண்டும். நிணநீர் முடிச்சுகள் அகற்றப்பட்ட பக்கத்துக் கையைத் தவிர்ப்பது பொதுவான முன்னெச்சரிக்கை. உணர்விழந்த பாதத்தில் மூலிகை சுட்டுச் சூடேற்றுவதும், வீட்டில் சுடுநீர் ஒத்தடம் கொடுப்பதும் புண்ணில் முடியலாம்; ஏனெனில், சுடுவதை அப்பாதம் அறிவதில்லை. வெறுங்காலுடன் வயலில் இறங்குவோர் முள்ளும் கல்லும் குத்தியதை அறியாமலிருக்கக்கூடும் என்பதால், நாள்தோறும் பாதத்தைக் கண்ணால் பார்த்துச் சோதிக்க வேண்டும்.

குத்தூசி மருத்துவம் புற்றுநோயைக் குணமாக்குவதன்று. அது துணைச்சிகிச்சை மட்டுமே. வேதிச்சிகிச்சையை நிறுத்திவிட்டு இதனை மேற்கொள்ளுமாறு யாரேனும் கூறுவாராயின் அது உயிருக்கு ஊறு விளைவிக்கும் அறிவுரையாகும். அதேபோல, மருந்து நிறுத்தப்படுமோ என அஞ்சி மரமரப்பை மறைப்பதும் தவறு. தொடக்கத்திலேயே தெரிவித்தால் மருந்தின் அளவையும் இடைவெளியையும் மருத்துவர் சீர்செய்ய இயலும்.

முடிவுரை

டாக்சேன் மருந்துகளால் நேரும் நரம்புப் பாதிப்பில், ஏற்கெனவே தோன்றிய வலியையும் உணர்வுக் குறையையும் குத்தூசி மருத்துவம் ஓரளவு தணிக்கலாம் என்பதற்குச் சிறிய ஆய்வுகள் ஆதரவளிக்கின்றன. போலிச் சிகிச்சையோடு ஒப்பிடும் பெரிய ஆய்வுகளே இதனை உறுதிசெய்ய வல்லன. தடுப்பு முறையாக இதனைப் பயன்படுத்துவதற்கு இப்போதைய சான்றுகள் இடந்தரவில்லை.

தமிழகத்தில் இத்தகைய ஆய்வு மேற்கொள்ளப்படுமாயின், அதன் முதற்பணி ஊசியிலன்று, சொல்லில் தொடங்க வேண்டும். மரமரப்பு, குறுகுறுப்பு, காந்தல், குடைச்சல் ஆகியவற்றை வட்டாரந்தோறும் மக்கள் எப்பொருளில் வழங்குகின்றனர் என்பதைத் தொகுத்தலும், பூக்கட்டுதல், நெசவு போன்ற தொழிற்செயல்களை அளவுகோல்களாக்கி வினாநிரல் அமைத்தலும் தமிழாய்வாளரும் மருத்துவரும் இணைந்து செய்யத்தக்க பணிகள். ‘கை கால் வலி’ என்ற தொடருக்குள் மறைந்திருக்கும் துன்பம் இன்னதென வேறுபடுத்தப்பட்டால்தான், அதற்குரிய சிகிச்சை எது என்பதும் அது பயனளித்ததா என்பதும் தெரியவரும்.